நாகூரில் நல்ல பெலாச்சான் கிடைக்கிறது

தாளைப் பிரித்து, கட்டியின் ஓரத்தை நகத்தால் லேசாகச் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார் கடைக்காரர். “மோந்து பாருங்க தம்பி. புடிச்சா மட்டும் வாங்குங்க” என்றார். மோந்து பார்த்தேன். நன்றாகக் காய்ந்த கூனி இறால், உப்பு, அதற்கு அடியில் மெல்லிய ஒரு இனிப்பு. மூக்கைக் குத்துகிற நெடி இல்லை, ஈர வாடை இல்லை. விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் மணல் மாதிரி உதிராமல் மெழுகு மாதிரி வழுக்கியது. மலேசியாவின் பினாங்கிலிருந்து வந்த அசல் பெலாச்சான், அதாவது புளிக்கவைத்துக் கட்டியாக்கிய இறால் விழுது. ஆறு வருஷமாக நான் தேடிய சரக்கு, எங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகிற இடத்தில் இருந்திருக்கிறது.

எனக்குத் திருவாரூரை அடுத்த கொரடாச்சேரி பக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடையின் சமையல்கட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் வைக்கும் காவடிக் கம்பு. நம் பக்கத்து முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் ஒரு பக்கம் சோற்றுப் பானை, இன்னொரு பக்கம் குழம்புப் பானை என்று காவடி கட்டித் துறைமுகத்துக்குத் தூக்கிப்போய் விற்றார்கள். அதிலிருந்து வந்த பெயர். எங்கள் கடையில் குழம்பும் பிரட்டலும்தான். மிளகாயும் பெலாச்சானும் சேர்த்து நசுக்குகிற துவையலான சம்பலை அரைக்கக் கற்றுக்கொடுத்தது பின் சந்தில் கடை போட்டிருந்த ஒரு மலாய்க்கார அம்மா. ஊர் திரும்பியதிலிருந்து அந்தச் சம்பலை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை. ஒருமுறை இணையத்தில் பெலாச்சான் வரவழைத்தேன். வந்த கட்டியில் மாவு கலந்திருந்தது, மேலே பூஞ்சை வேறு. அனுப்பியவர்கள் அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை. சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் தாய்லாந்து இறால் விழுதை வாங்கி வருவார்கள். அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் அது வேறு. ஈரமாக, உப்பு தூக்கலாக இருக்கும். பெலாச்சான் போல வறுபடாது.

கடைக்கு வழி சொல்லிவிடுகிறேன். திருவாரூரில் காரைக்கால் போகிற ரயிலில் ஏறினால் கீழ்வேளூர், சிக்கல், நாகப்பட்டினம் தாண்டி நாகூர். ஸ்டேஷனிலிருந்து தர்கா நடந்து போகிற தூரம்தான். அலங்கார வாசலுக்கு எதிரே போகிற கடைத்தெருவில் கொஞ்ச தூரம் நடந்து, ‘மலேயா சாமான் கடை’ எங்கே என்று கேளுங்கள். பெயர்ப் பலகை கிடையாது. முன்பக்கம் பார்த்தால் சாதாரண மளிகைக் கடை: ஊதுபத்தி, கற்கண்டு, மல்லி, மிளகாய். பின்பக்கம் ஒரு இரும்பு அலமாரியும் ஒரு ஃப்ரீசரும் இருக்கின்றன. விஷயம் அங்கேதான்.

கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். ஊர்க்காரர்கள் ‘நானா’ (அண்ணன்) என்கிறார்கள், நான் ‘பாய்’ என்கிறேன். உள்ளே நுழைந்ததும் “பசியாறியாச்சா?” என்று கேட்டார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுதல் என்று பினாங்கிலும் சொல்வார்கள், நாகூரிலும் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. அவருடைய வாப்பா காலத்தில் ராஜுலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போகும். பெட்டி நிறையக் கைலியும் வெங்காயமும் போகும், வரும்போது தைலமும் பெலாச்சானும் வரும். ராஜுலாவுக்கு அப்புறம் சிதம்பரம் கப்பல். 1985-இல் அதில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆன பிறகு கப்பல் வழி முடிந்துபோனது. இப்போது சொந்தக்காரர்கள் விமானத்தில் கொண்டுவருகிறார்கள், கொஞ்சம் சென்னை வழியாகப் பார்சலில் வருகிறது.

கப்பல் பேச்சு வந்தால் அவரை நிறுத்த முடியாது, எனக்கும் நிறுத்த மனமில்லை. ராஜராஜன் காலத்தில் கடல் தாண்டி இருந்த ஸ்ரீவிஜய ராஜா நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்கிற பௌத்த மடம் கட்டினான், அதற்கு ஆனைமங்கலம் கிராமம் மானியமாகப் போனது. 1025-இல் ராஜேந்திரன் படையெடுத்த கடாரம்தான் இன்றைய மலேசியாவின் கெடா. பினாங்கு தீவே 1786 வரை கெடா சுல்தானுடையது. அங்கே சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது, வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அந்த வழியாகத்தான் அறைக்குப் போவேன். மலாயில் கடைக்குக் கெடாய், கப்பலுக்குக் காப்பால், அப்பத்துக்கு ஆப்பாம். இத்தனை போக்குவரத்து நடந்த கரையில் பெலாச்சானுக்கு ஒரு கடை இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

இனி சரக்கு. பெலாச்சான் என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது கூனிதான். நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் வலையில் அள்ளிக் காயவைக்கிற அதே மாதிரிப் பொடி இறால். மலாயில் கெராகாவ் என்பார்கள். உப்புப் போட்டு, வெயிலில் பாதி காயவைத்து, இடித்து, சில நாள் புளிக்கவிட்டு, மறுபடி காயவைத்து, மறுபடி இடித்துக் கட்டியாக அழுத்துவார்கள். நாம் காயவைத்ததோடு நிறுத்திக்கொண்டோம், அவர்கள் இன்னும் இரண்டு படி போனார்கள். இந்தக் கடையில் 200 கிராம் கட்டி 260 ரூபாய். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ஒரு கட்டி நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு மூன்று மாதம் வரும். கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி வைத்தால் கெடாது.

வாங்கியதை அப்படியே போடக்கூடாது. கட்டியிலிருந்து கால் அங்குலக் கனத்துக்கு ஒரு வில்லை சீவி, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் சிறுதீயில் போடுங்கள். கரண்டியால் லேசாக அழுத்திப் பரப்ப வேண்டும். முதல் நிமிஷம் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஓரம் வெடித்து, நாவல்பழ நிறம் மெல்ல சாம்பல் பூத்த பழுப்பாகும். திருப்பிப் போட்டு, விரலால் தொட்டால் உதிரும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள். இன்னும் அரை நிமிஷம் விட்டால் கசந்துவிடும். நெடி வீடு முழுக்கப் போகும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

அம்மியில் பழுத்த சிவப்பு மிளகாய் எட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரை, வறுத்த பெலாச்சான். மிளகாய்த் தோல் கண்ணில் தெரிகிற அளவுக்கு நசுக்கினால் போதும், மையாக அரைத்தால் சம்பல் செத்துவிடும். மிக்ஸி வேண்டாம். கடைசியில் புளிப்பு. அங்கே லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை பிழிவார்கள், கொஞ்சம் ஆரஞ்சு வாசம் அடிக்கும். நம் எலுமிச்சையை மட்டும் பிழிந்தால் அந்த வாசம் வராது. அரை மூடி எலுமிச்சையோடு கமலா ஆரஞ்சுச் சாறு பத்துச் சொட்டு விட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட வந்துவிட்டது. அம்மாவுக்கு எண்பத்தொரு வயது, மலேசியா பக்கமே போனதில்லை. சோற்றில் ஒரு துளி தொட்டுக்கொண்டு, “கூனிப்பொடி மாதிரிதான் இருக்கு, வீரியம் ஜாஸ்தி” என்றார்கள். அடுத்த வாய்க்கும் கை அங்கேதான் போனது.

முதல் தடவை வாங்கிக்கொண்டு வரும்போது தாளில் மட்டும் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். நாகப்பட்டினம் தாண்டுவதற்குள் பெட்டி முழுக்க வாசம். எதிரே இருந்த மாணவர்கள் எழுந்து வேறு இடம் போய்விட்டார்கள். சிக்கலில் காலிக் கூடையோடு ஏறிய மீன் விற்கிற அக்கா ஒருத்தர், உட்கார்ந்ததும் பையைப் பார்த்து, “கூனியா தம்பி? எந்தக் கரை சரக்கு? இவ்வளவு வாசமா நம்ம பக்கம் வராதே” என்றார். பினாங்கு என்றேன். பிரித்துக் காட்டச் சொல்லி, ஒரு துணுக்கு வாயில் போட்டுப் பார்த்து, “ரெண்டு தடவை காயப்போட்டிருக்காங்க” என்றார். சரியாகச் சொன்னார். எனக்கு அதைச் சொல்லித்தர ஒரு மலாய்க்கார அம்மா வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பா எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

பெலாச்சான் வந்ததும் நான் செய்த முதல் வேலை, எங்கள் வாய்க்காலில் வள்ளைக்கீரை பறித்தது. வெண்ணாற்றுத் தண்ணீர் வருகிற சமயத்தில் கரையோரம் தானாகப் படர்ந்து கிடக்கும். எங்கள் ஊரில் வயதானவர்கள் மட்டும் எப்போதாவது கடைவார்கள், மற்றபடி மாடு தின்னும். மலேசியாவில் இதே கீரையைக் கங்கோங் என்று கட்டுக் கட்டாக விற்கிறார்கள், கங்கோங் பெலாச்சான் இல்லாத சாப்பாட்டுக் கடை அங்கே அபூர்வம். ஓடுகிற தண்ணீரில் இருப்பதைப் பார்த்துப் பறியுங்கள், சாக்கடை கலக்கிற இடம் வேண்டாம். தண்டையும் இலையையும் தனித்தனியாக வையுங்கள். இரும்புச் சட்டி புகையக் காய்ந்ததும் எண்ணெய், பூண்டு, சின்ன வெங்காயம், மிளகாய், பெலாச்சான் இடித்த விழுது. வாசம் எழுந்ததும் தண்டு, அரை நிமிஷம் கழித்து இலை. இரண்டே நிமிஷம். தண்டு கடிக்கும்போது நறுக்கென்று இருக்க வேண்டும். காசு கொடுக்காமல் கிடைக்கிற கீரை, இதைவிட ருசியாக எனக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டாவதாக, குலா மலாக்கா. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி உருளையாக எடுப்பார்கள். நான் இரண்டாம் முறை போனபோது அலமாரியில் ஏழெட்டு உருளை இருந்தது. எடுக்கப் போனேன், பாய் தடுத்தார். “இது வேணாம் தம்பி. இந்தத் தடவை வந்ததுல சீனி கலந்திருக்கு” என்று ஒன்றைக் கத்தியால் வெட்டிக் காட்டினார். உள்ளே ஒரே நிறமாக, கல் மாதிரி பளபளத்தது. அசல் சரக்கு அப்படி இருக்காது. கத்தி இறங்கும்போது பொரபொரவென்று விட்டுக்கொடுக்கும், நிறம் இடத்துக்கு இடம் மாறும், லேசாகப் புகை வாசம் இருக்கும். விற்காத உருளைகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சீனி கலந்தது என்று சொல்லி, டீக்கடைக்காரர் ஒருவருக்குப் பாதி விலைக்குக் கொடுப்பாராம். இந்தக் கடையை நான் நம்புவதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

நல்ல சரக்கு வந்தபோது வாங்கிச் செண்டோல் செய்தேன். அரிசி மாவில் பாண்டான் சாறு விட்டுக் கிளறிப் பச்சை இழையாகப் பிழிந்து, தேங்காய்ப்பால், ஐஸ், குலா மலாக்காப் பாகு. கருப்பட்டியிலும் ஒருமுறை செய்து பார்த்தேன். கருப்பட்டி பனையுடையது, அதில் ஒரு உவர்ப்பும் அழுத்தமும் உண்டு. தேங்காய்ப்பாலோடு அது போட்டி போடும், குலா மலாக்கா ஒதுங்கிப்போய் இனிக்கும். என் மகளுக்குக் கருப்பட்டிச் செண்டோல்தான் பிடித்தது. அதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

பாண்டான் இலையை நம் தமிழில் ரம்பை என்று இலங்கைக்காரர்கள் சொல்வார்கள். தாழைக்குச் சொந்தம், முள் கிடையாது. பாஸ்மதி அரிசியில் இருக்கிற அதே வாசப்பொருள்தான் இந்த இலையிலும். கடையின் ஃப்ரீசரில் உறைந்த இலை ஒரு பாக்கெட் 90 ரூபாய். அதை வாங்காதீர்கள். பாயின் வீட்டுக் கொல்லையில் தொட்டிகளில் வளர்கிறது. முந்தின நாள் போன் செய்தால் ஆறு இலை இருபது ரூபாய்க்கு வெட்டித் தருவார். இந்தச் செடி விதை வைப்பதில்லை, பக்கக் கன்றைத்தான் பிரித்து நட வேண்டும். எனக்கு ஒரு கன்று தந்தார், காசு வாங்கவில்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், வாழைக்குப் பக்கத்தில் வைத்தேன். அரைநிழலும் ஈரமும் அதற்குப் பிடித்துவிட்டது, இப்போது ஐந்து கன்று.

அந்த இலையை முடிச்சுப் போட்டு, தேங்காய்ப்பாலில், ஒரு துண்டு இஞ்சி தட்டிப்போட்டுச் சோறு வைப்பதுதான் நாசி லெமாக். புழுங்கல் அரிசி இதற்கு ஆகாது, பால் உள்ளே இறங்காது. தூயமல்லிப் பச்சரிசி போட்டேன். நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திப் பரப்பிய பாரம்பரிய ரகங்களில் அதுவும் ஒன்று, எங்கள் பக்கத்தில் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. ஒன்றுக்கு ஒன்றரை அளவு பாலும் தண்ணீரும் சேர்த்து வைத்தால் பொலபொலவென்று வரும். பொரித்த நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, வெள்ளரி, அவித்த முட்டை, சம்பல். இதில் நாகூரிலிருந்து வந்தது பெலாச்சானும் இலையும் மட்டும், மற்றதெல்லாம் திருவாரூர் சந்தையில் வாங்கியது.

மற்ற சரக்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசாம் கெப்பிங் என்று காய்ந்த வில்லைகள் இருக்கின்றன. புளி என்று சொல்லி விற்றாலும் புளியமரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நம் குடம்புளியின் பங்காளி. மீன் குழம்புக்கு இரண்டு வில்லை போதும், நிறம் கறுக்காமல் புளிப்பு மட்டும் இறங்கும். தாராளமாக வாங்கலாம். பேரரத்தை அங்கே வாங்கத் தேவையில்லை, கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது கிடைக்கும், பச்சைக் கிழங்கு வேண்டுமென்றால் மட்டும் பாயிடம் சொல்லிவையுங்கள். காப்பித்தூள் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்ப்பார்கள், கறுப்பாக, கருகல் இனிப்போடு இருக்கும். பினாங்கில் தினமும் குடித்தேன், அந்த வெக்கைக்கு அது சரி. டிகிரி காப்பி குடித்து வளர்ந்த நாக்குக்கு இங்கே அது இறங்கவில்லை. காயா பாட்டில் 350 ரூபாய்: தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் சேர்த்துக் கிண்டிய ஜாம். அந்தக் காசுக்கு அடுத்த தெருவில் வீட்டில் செய்து விற்கிற வட்டலப்பம் சாப்பிடுங்கள். அதே தேங்காய்ப்பால், அதே முட்டை, வெல்லம், ஏலக்காய். நாகூர்க்காரர்கள் கைப்பக்குவத்துக்கு முன்னால் பாட்டில் நிற்காது.

குறை இல்லாமல் இல்லை. பெரிய குறை டெம்பே. சோயாவை அவித்துத் தோல் நீக்கி, ஒரு வகைப் பூஞ்சையின் வித்தைத் தூவி, வாழையிலையில் மடித்து வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றரை, இரண்டு நாள் வைத்தால் வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்ந்து பருப்புகளை ஒட்டிப் பிடிக்கும். ஜாவாக்காரர்களின் உணவு. பாயின் குடும்பத்தில் ஒருவர் வீட்டிலேயே செய்து ஃப்ரீசரில் வைக்கிறார். முதல் பாக்கெட் அருமையாக இருந்தது: வெட்டினால் கேக் மாதிரி நின்றது, பொரித்தால் பாதாம் வாசம். இரண்டாவது பாக்கெட்டைப் பிரித்ததும் அமோனியா நெடி. சித்திரை வெயிலில் இரண்டு நாள் என்பது அதிகம், முப்பது மணி நேரத்திலேயே எடுத்திருக்க வேண்டும். போதாததற்கு மின்வெட்டில் ஃப்ரீசர் இளகி மறுபடி உறைந்த அடையாளம் பாக்கெட்டுக்குள் பனித்தூளாகத் தெரிந்தது. அங்கங்கே கறுப்புப் புள்ளி இருந்தால் பயப்பட வேண்டாம், அது பூஞ்சை முற்றியதுதான். இளஞ்சிவப்போ ஆரஞ்சோ தெரிந்தால், கையில் பிசுபிசுத்தால், தூக்கிப் போடுங்கள். பாயிடம் போய்ச் சொன்னேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். வெயில் காலத்தில் டெம்பே போடுவதை நிறுத்திவிடுகிறேன் என்றார், ஆனால் அடுத்த மாதமும் ஃப்ரீசரில் பார்த்தேன். ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் மட்டும் வாங்குங்கள் என்பது என் யோசனை.

இன்னொன்று, தேதி. பெரிய கட்டியை உடைத்து விற்கும்போது தயாரித்த தேதி உள்ள தாள் யாரிடமாவது போய்விடுகிறது. கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்கிறார், இதுவரை தப்பாகச் சொல்லவில்லை. இருந்தாலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினால் புதிதாக வருகிறவர்களுக்கு நம்பிக்கை வரும். இதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் பெலாச்சான் பக்கம் போகவே கூடாது, இரத்தக் கொதிப்புக்காரர்கள் உப்பு போடாமல் சமைக்க வேண்டும். இதையும் பாயே சொல்லித்தான் விற்கிறார்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும், மற்ற நாளிலும் ஒன்றரையிலிருந்து நான்கு வரை போகாதீர்கள். தர்காவில் கந்தூரி விழா நடக்கிற பதினான்கு நாளும் கூட்டத்தில் நின்று பேச முடியாது, ஆனால் அந்தச் சமயத்தில்தான் மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், புதுச் சரக்கும் வரும். போன வாரம் போனபோது பெலாச்சான் ஒரே ஒரு கட்டிதான் மிச்சம் இருந்தது. அதை எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்கள். காரைக்காலிலிருந்து வந்தவர்கள், மகளை மலேசியாவின் ஈப்போவில் கட்டிக்கொடுத்த இடத்தில் ருசி கண்டவர்கள். நான் விட்டுக்கொடுத்தேன். வறுக்கும்போது திருப்பிப் போட்டு, உதிரும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த சரக்கில் எனக்கு இரண்டு கட்டி எடுத்து வைக்கச் சொல்லி, பாயின் நோட்டில் பெயர் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.